அண்டங்காக்கைக்கு ஒரு மெத்தடாலஜி

வெட்னஸ்டே சீரிஸ் பார்த்தவங்களுக்கு நெவர்மோர் அகாடமியும், அங்கே நடக்கிற போ கப் படகுப் போட்டியும் ஞாபகம் இருக்கும். டிடெக்டிவ் கோனன் பார்த்து வளர்ந்தவங்களுக்கு எடோகாவா கோனனைத் தெரியும். அந்த எடோகாவா என்ற பெயர், எடோகாவா ரன்போ என்ற ஜப்பானிய எழுத்தாளரிடமிருந்து வந்தது. எட்கர் ஆலன் போ என்ற பெயரை ஜப்பானிய நாக்கில் சொன்னால் எப்படி வருமோ அதையே தனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டவர் அந்த ரன்போ. அமெரிக்காவில் பால்டிமோர் ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு ரேவன்ஸ் என்று பெயர் வந்ததும் இதே ஆளின் கவிதையால்தான். இப்படி எங்கே திரும்பினாலும் நிற்கிற மனுஷன், உயிரோடு இருந்த 40 வருஷத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் விறகுக்கும் திண்டாடியவர்.

தமிழில் எழுதினால் அவர் பெயரே ஒரு ஜோக். போ. நிஜமாவே வாழ்க்கை முழுக்க எல்லாரும் அவரிடம் சொன்னது அதுதான்.

1809 ஜனவரி 19-ல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா, அம்மா ரெண்டு பேரும் நாடக நடிகர்கள். அப்பா சீக்கிரமே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். 1811 டிசம்பரில் ரிச்மண்ட் நகரில் அம்மா எலிசபெத் இறந்தபோது எட்கருக்கு மூன்று வயது நிறையவில்லை. அம்மாவுக்கு வயது 24. இந்த 24-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும். அண்ணன், தங்கை, இவர் என்று மூன்று குழந்தைகளும் மூன்று வீட்டுக்குப் போனார்கள். எட்கரை எடுத்து வளர்த்தவர் ஜான் ஆலன் என்ற புகையிலை வியாபாரி. நடுப்பெயர் அவருடையது. ஆனால் சட்டப்படி தத்து எடுக்கவே இல்லை. ஐந்து வருஷம் இங்கிலாந்தில் படிக்க வைத்தார். 1825-ல் ஆலனுக்குத் தன் மாமா சொத்து பெரிய அளவில் வந்து சேர்ந்தது. அந்த ஊரின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் ஆனார். அவர் வீட்டில் வளர்ந்த பையனுக்கு அதில் ஒரு காசும் கடைசி வரை வரவில்லை.

1826-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆலன் கொடுத்த பணம் ஃபீஸுக்கே பத்தவில்லை என்பது போ சொன்ன கணக்கு. பத்தாததைச் சீட்டாடிச் சம்பாதிக்கலாம் என்று போய் சுமார் 2000 டாலர் கடன் ஆனது. ஒரு வருஷம்கூட முடிக்கவில்லை. வீட்டில் சண்டை, வெளியேற்றம். பாஸ்டனுக்குப் போய், எட்கர் பெர்ரி என்று பொய்ப் பெயர் சொல்லி, 18 வயதை 22 என்று கூட்டிச் சொல்லி ராணுவத்தில் சேர்ந்தார். அதே 1827-ல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. பெயர் போடவில்லை, ஒரு பாஸ்டன்காரர் என்று மட்டும் அச்சாகி இருந்தது. அச்சிட்டது சுமார் 50 பிரதி. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2009-ல் அதில் ஒரு பிரதி ஆறரை லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. போ மாதிரி ஆள்களுக்கு மட்டும்தான் பணம் இப்படி 180 வருஷம் லேட்டா வரும்.

ராணுவத்தில் அவர் பார்த்த வேலை பலருக்குத் தெரியாது. பீரங்கிக் குண்டுகளைத் தயார் செய்கிற கைவினைஞர் பதவி அவருக்குக் கிடைத்தது, சம்பளம் இரட்டிப்பானது. மருந்தை எவ்வளவு போடணும், திரி எவ்வளவு நீளம் இருக்கணும், எப்போ வெடிக்கணும் என்று அளந்து செய்கிற வேலை. கவிதை பற்றி அவர் பின்னாடி எழுதியதைப் படிக்கும்போது எனக்கு இந்த வேலைதான் ஞாபகம் வருகிறது.

1829 பிப்ரவரியில் வளர்ப்புத்தாய் ஃபிரான்சஸ் இறந்தார். போ வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. அமெரிக்காவில் முதன்முதலில் இன்ஜினியரிங் சொல்லிக் கொடுத்த கல்லூரி அதுதான். ஆக, நம்ம ஆள் ஒருவகையில் இன்ஜினியரிங் டிராப் அவுட். கணக்கும் பிரெஞ்சும் நன்றாகவே வந்தது. ஆனால் அங்கிருந்து விலக ஆலன் சம்மதம் தரவில்லை. அதனால் வேண்டுமென்றே அணிவகுப்புக்கும் வகுப்புக்கும் போகாமல் இருந்து, 1831-ல் ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு ஆளாகி வெளியே வந்தார். அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜைப் பிளான் பண்ணிச் செய்த முதல் ஆள் இவராகத்தான் இருக்கணும். கூடப் படித்த பசங்க காசு போட்டு அவர் மூன்றாவது தொகுப்பை அச்சிட உதவினார்கள். வாத்தியார்களைக் கலாய்த்து எழுதின கிண்டல் பாட்டுகள் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, உள்ளே இருந்தது ஹெலனும் சொர்க்கமும்.

அதன்பின் பால்டிமோரில் அத்தை மரியா கிளெம் வீடு. அத்தை தையல் வேலை செய்து ஓட்டிய குடும்பம். அங்கே அண்ணன் ஹென்றி 1831-ல் இறந்தார், வயது 24. அத்தையின் மகள் வர்ஜீனியாவை 1836-ல் போ திருமணம் செய்துகொண்டார். அவளுக்கு 13, இவருக்கு 27. அந்தக் காலத்துச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் பதிவில் அவள் வயதை 21 என்று எழுதினார்கள். அப்படிக் கூட்டி எழுத வேண்டி வந்ததென்றால் அவர்களுக்கே உறுத்தியிருக்கிறது என்றுதான் அர்த்தம். எனக்கும் உறுத்துகிறது. அதை மறைத்துவிட்டு மேலே சொல்ல விருப்பமில்லை.

பிழைப்புக்குப் பத்திரிகை வேலை. ரிச்மண்ட், பிலடெல்பியா, நியூயார்க் என்று மாறிக்கொண்டே இருந்தார். கிரஹாம்ஸ் மேகசினில் அவர் வருஷச் சம்பளம் 800 டாலர். அவர் இருந்த காலத்தில் அதன் விற்பனை 5,000-லிருந்து 40,000-ஐ நெருங்கியது, சம்பளம் அப்படியே இருந்தது. எழுதிப் பிழைக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டு எழுத்துக்கு அன்று அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது. டிக்கன்ஸையே இலவசமாக அச்சடித்து விற்கலாம் என்கிறபோது உள்ளூர் எழுத்தாளனுக்கு யார் காசு கொடுப்பார்கள்? நாம டெக்ஸ்ட்புக் பி.டி.எஃப் தேடும்போது இதை நினைச்சுக்கணும். போ உயிரோடு இருந்தபோது மறுபதிப்பு கண்ட அவர் புத்தகம் சிப்பிகளைப் பற்றிய ஒரு பாடப்புத்தகம். அதுவும் இன்னொருவர் நூலைச் சுருக்கி எழுதியது.

அவரைப் பேய்க்கதைக்காரர் என்று சொல்வது பாதிதான் சரி. கோதிக் என்றால் பாழடைந்த மாளிகை, நிலவறை, உயிரோடு புதைப்பது, சாகாத ரகசியம். இதெல்லாம் ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்தது. இவர் ஜெர்மன் கதைகளைக் காப்பியடிக்கிறார் என்றும் சொன்னார்கள். பயம் ஜெர்மனியிலிருந்து வருவதில்லை, மனசிலிருந்து வருகிறது என்று 1839-ல் முன்னுரையில் பதில் எழுதினார். அஷர் மாளிகை கதையில் இடிந்து விழுவது வீடா, அதன் உள்ளே இருப்பவன் மூளையா என்று பிரிக்க முடியாது. துடிக்கும் இதயத்தின் கதையில் பேயே கிடையாது. தான் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்க, கொலையை எவ்வளவு நேர்த்தியாகத் திட்டமிட்டேன் பார் என்று ஒருவன் விளக்குகிறான். அந்த நேர்த்திதான் அவன் பைத்தியம் என்பதற்குச் சாட்சி.

இதே ஆள்தான் 1841-ல் துப்பறியும் கதை என்ற வகையையே தொடங்கி வைத்தார். வாசகர்களைச் சங்கேத எழுத்து அனுப்பச் சொல்லி உடைத்துக் காட்டினார். ஊர் ஊராகப் போய்ச் சதுரங்கம் ஆடிய ஒரு இயந்திரத்தைப் பார்த்து, உள்ளே மனுஷன் ஒளிந்திருக்கிறான் என்று 1836-ல் ஒவ்வொரு காரணமாக அடுக்கி எழுதினார். முடிவு சரி. காரணங்களில் சில தப்பு. உண்மையான இயந்திரம் என்றால் எப்போதும் ஜெயிக்கணும், இது சிலசமயம் தோற்கிறதே என்பது அவற்றில் ஒன்று. சரியான விடை, ஸ்டெப்ஸில் தப்பு. இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ அவர் தியரிக்கு வரேன். 1842-ல் ஹாதார்னின் கதைகளுக்கு எழுதிய விமர்சனத்தில் முதலில் தெளிவாக வருகிறது. ஒரே மூச்சில், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் படிக்க முடிவதாகக் கதை இருக்க வேண்டும். எழுதுகிறவன் முதலில் வாசகனிடம் என்ன விளைவை உண்டாக்கணும் என்று ஒன்றே ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். அந்த விளைவுக்கு உதவாத ஒரு சொல்கூட, முதல் வாக்கியத்திலிருந்தே, இருக்கக்கூடாது. நீண்ட கவிதை என்பதே முரண்பாடு என்று பின்னால் ஒரு சொற்பொழிவில் சொன்னார். மனசின் உயர்ந்த நிலை அவ்வளவு நேரம் தாங்காதாம். மில்டனின் பெருங்காவியம்கூட அவருக்குச் சின்னக் கவிதைகளின் வரிசை, நடுவில் உரைநடை. கவிதை நீதி சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தைத்தான் அவர் அதிகம் வெறுத்தார். உண்மை உரைநடைக்கு, அழகு கவிதைக்கு. திருக்குறளையும் ஆத்திசூடியையும் மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் ஒட்டாது. எனக்கும் முழுசா சம்மதம் இல்லை.

1845 ஜனவரி 29-ல் நியூயார்க் ஈவினிங் மிரர் பத்திரிகையில் தி ரேவன் வந்தது. ஒரே நாளில் புகழ். தெருவில் பசங்க அவர் பின்னால் சிறகடிக்கிற மாதிரி நடித்துக்கொண்டே ஓடுவார்களாம். பணம் மட்டும் ரொம்பச் சொற்பம். விஷயம் எளிமையானது. டிசம்பர் நள்ளிரவு, இறந்துபோன லெனோர் என்ற காதலியை மறக்கப் புத்தகம் படித்துக்கொண்டு ஒருவன். தட்டுகிற சத்தம். ஜன்னலைத் திறந்தால் ஒரு அண்டங்காக்கை உள்ளே வந்து, கதவுக்கு மேலே இருக்கும் பளிங்குச் சிலைமேல் உட்கார்கிறது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். இனி எப்போதும் இல்லை என்று பொருள். முதலில் அவன் சிரிக்கிறான். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறான். பதில் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், பறவைக்கு அர்த்தம் தெரியாது என்றும் தெரியும். ஆனாலும் அந்தப் பதில் அதிகம் வலிக்கிற மாதிரியான கேள்விகளாகவே தேடித் தேடிக் கேட்கிறான். மோனையும் இயைபும் வரிக்குள்ளேயே முட்டி மோதுகிற கவிதை. யாப்பு படித்த காது உள்ளவங்க சத்தமா வாசிச்சுப் பாருங்க, கண்ணால் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

1846 ஏப்ரலில், இதை எப்படி எழுதினேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். தி ஃபிலாசஃபி ஆஃப் காம்போசிஷன். தற்செயலாகவோ உந்துதலிலோ இதில் எதுவும் வரவில்லை, கணக்குப் போடுகிற துல்லியத்தோடு படிப்படியாகச் செய்தேன் என்கிறார். முதலில் நீளம்: சுமார் 100 வரி. (வந்தது 108.) விளைவு: அழகு. அழகின் உச்சம் கண்ணீர் வரவைக்கும், ஆகவே தொனி சோகம். திரும்பத் திரும்ப வர ஒரு பல்லவி வேண்டும், அது சின்னதாக, ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. நீட்டி ஒலிக்க ஓ என்ற உயிரும், இழுக்க ஆர் என்ற மெய்யும் வேண்டும். அதற்கு ஏற்ற சொல் கிடைத்தது. ஒரே சொல்லை ஒரு மனுஷன் திரும்பத் திரும்பச் சொன்னால் ஒட்டாது, எனவே பகுத்தறிவில்லாத ஏதோ ஒரு ஜீவன். கிளி? தொனிக்குப் பொருந்தாது. அண்டங்காக்கை. பிறகு, சோகங்களில் பெரியது எது? மரணம். மரணம் எப்போது கவித்துவமாகும்? அழகோடு சேரும்போது. ஆகவே ஒரு அழகான பெண்ணின் மரணம், அதைச் சொல்ல அவளை இழந்தவன். உச்சகட்டப் பத்தியை முதலில் எழுதிவிட்டு, அதை மிஞ்சாதபடி மற்றதை எழுதினாராம்.

ஃபைனல் இயர் பசங்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் மூணாவது சாப்டர்தான் இது. மூணு மாசம் கண்டதை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்து, ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ ஒண்ணு ஓடி, அது ஏன் ஓடுதுன்னு தெரியாம, கடைசி வாரத்தில் ஆரம்பத்திலிருந்தே இதுதான் பிளான் என்கிற மாதிரி ஃப்ளோசார்ட் வரைவோம் இல்லையா? அந்த வாசனை.

லிட்டரேச்சர் சர்வேயும் உதைக்கிறது. டிக்கன்ஸின் பார்னபி ரட்ஜ் நாவலில் பேசுகிற அண்டங்காக்கை ஒன்று உண்டு. போ அதற்கு விமர்சனம் எழுதியவர், அந்தப் பறவையை இன்னும் ஆழமாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று சொன்னவரும் அவரே. கட்டுரையில் கிளி வருகிறது, டிக்கன்ஸின் காக்கை வரவில்லை. கவிதையின் ஓட்டம் எலிசபெத் பாரெட்டின் ஒரு கவிதையை ஒட்டியது. தொகுப்பை அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார், ஆனால் கட்டுரையில் சந்த அமைப்பு தன் சொந்தம் என்கிறார். இதே காலத்தில் லாங்ஃபெலோ திருடுகிறார் என்று பத்திரிகையில் மாதக்கணக்கில் சண்டை வேறு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் விட்டுவிட்டதில் பெரியது காக்கை இல்லை.

1842 ஜனவரியில் ஒரு நாள் வர்ஜீனியா பாடிக்கொண்டிருந்தபோது வாயிலிருந்து ரத்தம் வந்தது. காசநோய். அவளுக்கு வயது 19. பிழைக்கமாட்டாள் என்றார்கள், கொஞ்சம் தேறினாள். ஒரு வருஷத்தில் மறுபடி ரத்தம், மறுபடி தேறினாள். இப்படியே ஐந்து வருஷம். 1848-ல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் அந்த வருஷங்களைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் சாவதன் முழு வேதனையையும் பட்டேன், ஒவ்வொரு தடவையும் முன்பைவிட அதிகமாக நேசித்தேன், நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்ததுதான் தாங்க முடியாமல் போனது, குடி அதனால் வந்தது என்கிற பொருளில். தி ரேவன் இந்த ஐந்து வருஷத்தின் நடுவில் வந்தது. கட்டுரை வந்தபோது அவளுக்கு இன்னும் ஒன்பது மாதம்தான் மீதி.

அதனால்தான் அந்தக் கட்டுரையின் ஒரு வரிசை என்னைத் தூங்கவிடவில்லை. சோகத்தில் பெரியது எது, ஆகவே மரணம், ஆகவே அழகான பெண், ஆகவே இழந்தவன். மூணு வயதுக்குள் அம்மா, 20 வயதில் வளர்ப்புத்தாய், இப்போ வீட்டில் ரத்தம் துப்புகிற மனைவி. இவ்வளவும் இருக்க, இதை ஒரு தேற்றம் மாதிரி நிரூபிக்கிறார். முதல் தடவை படித்தபோது, என்ன ஒரு கல்நெஞ்சம், இல்லைன்னா என்ன ஒரு பொய் என்று நினைத்தேன். பல பேர் அந்தக் கட்டுரையை ஒரு ஏமாற்று வேலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

போன வருஷம் எங்க ஆச்சி ஆஸ்பத்திரியில் இருந்த 11 நாளும் நான் ஒரு எக்செல் ஷீட் வைத்திருந்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆக்சிஜன், நாடித்துடிப்பு, காய்ச்சல். கிராஃப் போட்டேன், ட்ரெண்ட்லைன் போட்டேன். டாக்டர் அதைக் கேட்கவே இல்லை, யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. அம்மா அழுதுகொண்டிருந்தபோது நான் ஃபார்முலா சரி பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஃபைல் இன்னும் லேப்டாப்பில் இருக்கு. இப்போ போவின் கட்டுரையைத் திரும்பப் படித்தால் அது பொய்யாகத் தெரியவில்லை. அதில் இருக்கிற ஸ்டெப்ஸ் தப்பாக இருக்கலாம். அவற்றை எழுத வேண்டிய அவசியம் அவருக்கு உண்மையாகவே இருந்திருக்கிறது.

1846-ல் நியூயார்க்குக்கு வெளியே ஃபோர்டாம் என்ற இடத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். பார்க்கப் போன எழுத்தாளர் மேரி கோவ் பின்னர் எழுதியிருக்கிறார்: வைக்கோல் படுக்கை, கணவனின் பழைய மேல்கோட்டைப் போர்த்தி வர்ஜீனியா, குளிருக்கு நெஞ்சின்மேல் வீட்டுப் பூனை, கையைப் பிடித்துச் சூடேற்றக் கணவன், காலைப் பிடித்துக்கொள்ள அம்மா. 1847 ஜனவரி 30-ல் வர்ஜீனியா இறந்தாள். வயது 24.

அதன்பிறகு போ எழுதிய யுரேகா, பிரபஞ்சம் எப்படித் தோன்றி எப்படி முடியும் என்று பேசும் ஒரு விசித்திரமான உரைநடை நூல். 500 பிரதி அச்சிட்டார்கள். ராத்திரி வானம் ஏன் இருட்டாக இருக்கிறது என்பதற்கு, தொலைதூர நட்சத்திர ஒளி இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை என்று அதில் ஒரு விடை இருக்கிறது. விடை சரியான திசைதான். மறுபடியும் ஸ்டெப்ஸ் கேட்காதீங்க.

1849 அக்டோபர் 3. பால்டிமோரில் ஓட்டுச்சாவடியாகப் பயன்பட்ட ஒரு மதுக்கடை அருகே, தன்னுடையது அல்லாத உடையில், நினைவு தடுமாறிக் கிடந்தார். அன்று தேர்தல் நாள். ஆள்களைப் பிடித்து, குடிக்க வைத்து, உடையை மாற்றி மாற்றிக் கள்ள ஓட்டுப் போட வைக்கும் கும்பல்கள் அந்த ஊரில் உண்டு, அதில் சிக்கினாரோ என்று ஒரு ஊகம். வெறிநாய்க்கடி, மூளைக் கட்டி என்றும் சொல்கிறார்கள். அக்டோபர் 7-ல் இறந்தார். துப்பறியும் கதையைத் தொடங்கி வைத்தவரின் கேஸ் இன்னும் மூடப்படவில்லை.

ரெண்டு நாள் கழித்து நியூயார்க் ட்ரிப்யூனில் லுட்விக் என்ற பொய்ப் பெயரில் ஒரு இரங்கல் குறிப்பு. எழுதியவர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட், போவின் விமர்சனத்தில் அடிபட்டவர். இவர் சாவுக்கு வருந்துபவர் குறைவு என்கிற ரீதியில் எழுதினார். பிறகு போவின் எழுத்துகளைத் தொகுத்தவரும் அவரே ஆகி, போ எழுதிய கடிதங்களையே திருத்தி அவரைக் கெட்டவராக்கினார். அது பொய் என்று ஆதாரத்தோடு நிறுவ 1941 ஆனது. நடுவில் பிரான்சில் போதலேர் அவரைத் தன் வாழ்நாள் வேலையாக மொழிபெயர்த்தார். அங்கே கணக்கு மாதிரிக் கவிதை என்ற அந்தக் கட்டுரையை ரொம்ப சீரியஸாகவே எடுத்துக்கொண்டார்கள்.

லுட்விக் குறிப்பில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. போ கடைசியாக எழுதி முடித்த கவிதை ஒன்றை கிரிஸ்வோல்ட் அதிலேயே சேர்த்து அச்சிட்டிருந்தார். ஆனபெல் லீ. கடலோர ராஜ்ஜியத்தில் சின்ன வயதிலேயே ஒருத்தியை நேசித்தவன், அவள் குளிர்காற்றில் இறந்த பின்னும் ராத்திரிதோறும் அவள் கல்லறைப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறான். தி ரேவனைவிட எளிய சொற்கள், ஒரு குழந்தைப் பாட்டு மாதிரி. இதை எப்படி எழுதினேன் என்று அவர் எங்கேயும் விளக்கவில்லை.

ஃபோர்டாமில் புதைத்திருந்த வர்ஜீனியாவின் எலும்புகளை 1885 ஜனவரி 19-ல், அவர் பிறந்தநாளில், பால்டிமோருக்குக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்கள்.